டிஸ்க் விலகுவதில்லை: காலுக்கு இறங்கும் வலியை அறிந்துகொள்வோம்

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரங்களிலிருந்து எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் பலர், "டிஸ்க் விலகிவிட்டதாமே, இனி வயல் வேலை செய்ய முடியாதா?" என்று கேட்கின்றனர். கரும்புக் கட்டும் நெல் மூட்டையும் தூக்கி வாழ்வோருக்கு இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. பெரும்பாலானோருக்கு எங்களால் நம்பிக்கையான விடையே கூற முடிகிறது.

நமது முதுகெலும்பில் முள்ளெலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள்ளன. இவற்றையே டிஸ்க் என்கிறோம். ஒவ்வொரு வட்டுக்கும் வெளியே உறுதியான நார் வளையமும், நடுவே நுங்கைப் போன்ற மென்மையான பகுதியும் உண்டு. வயது, மரபு, புகைப்பழக்கம், அதிகச் சுமை ஆகியவற்றால் வளையம் நலியும்போது நடுப்பகுதி பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. அவ்விடத்தில் அழற்சியும் உண்டாகிறது. வட்டு முழுவதுமாக இடம் விட்டு நழுவுவதில்லை. ஆகவே நீவியோ மிதித்தோ அதை உள்ளே தள்ள இயலாது. அம்முயற்சிகளால் நரம்புக்குத் தீங்கு நேரவும் கூடும்.

பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளே இவ்வாறு பிதுங்குகின்றன. அதனால்தான் வலி பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியே பாதம் வரை மின்னல் போல் இறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் மிகுகிறது. சிலருக்குக் கால் மரத்துப்போகும். பெருவிரலைத் தூக்கும் வலு குறைந்து, நடக்கையில் செருப்பு கழன்று விழும்.

ஸ்கேன் அறிக்கையில் 'வட்டுப் பிதுக்கம்' என்று கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 1994இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வட்டு புடைத்திருந்தது. உங்கள் வலியும், கால் வலுவும், ஸ்கேன் படமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையே நாங்கள் பார்க்கிறோம்.

பிதுங்கிய பகுதியை உடலே நாளடைவில் சுருக்கிவிடுவதுண்டு. பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது. அதற்குப் பின்னும் கடும் வலி நீடித்தால் அறுவை சிகிச்சை பயன் தரும். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டோருக்கு வலி விரைவாகக் குறைந்தது. காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டனர். எனினும், ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர்.

வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதால் பயனில்லை. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின், தாங்கும் அளவுக்கு நடந்து பழகுங்கள். தரையிலுள்ள பொருளை முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். வலி தணியும் வரை கனமான மூட்டைகளையும் நெடுந்தூர இருசக்கர வாகனப் பயணத்தையும் தவிர்த்திடுங்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொண்டால் சிறுநீரகமும் இரைப்பையும் பாதிக்கப்படலாம்.

ஆயினும், சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கலாகாது. சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது சிறுநீர், மலம் அறியாமல் கசிதல், சைக்கிள் இருக்கை படும் இடம் மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல், பாதம் தொங்கிப்போதல் ஆகியவை அவை. முதுகுவலியுடன் காய்ச்சல் இருந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலும் தாமதிக்கலாகாது. நரம்புக் கற்றை நெடுநேரம் நசுங்கினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இவற்றைச் சொல்லப் பெண்களும் முதியோரும் கூச்சப்படுவதைக் காண்கிறோம். குடும்பத்தினரே கனிவுடன் கேட்டறிய வேண்டும். அறிகுறி இருப்பின் இரவென்றும் பாராமல் 108ஐ அழையுங்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அருகிலுள்ள அவசரப் பிரிவை உடனே அடைவதே முதன்மையானது.