குழந்தைகளுக்கான புரதச்சத்து உணவு: குறைந்த செலவில், குறைந்த நேரத்தில்

தசை, எலும்பு, இரத்தம், தோல், நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஆகிய அனைத்தும் உருவாவதற்குப் புரதம் இன்றியமையாதது. வளரும் பருவத்தில் இது தொடர்ந்து குறைந்தால் குழந்தையின் எடையும் உயரமும் தடைபடும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் தேறுவதற்கு அதிக நாள்கள் ஆகும்.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலை நகர் பகுதிகளில் பெற்றோர் இருவரும் காலையிலேயே மின்சார ரயிலிலோ நிறுவனப் பேருந்திலோ வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மிகுதி. சமையலுக்குக் கிடைப்பது காலையிலும் இரவிலும் சிறிது நேரமே. அந்த நேரத்திற்குள், வழக்கமான மளிகைப் பொருள்களைக் கொண்டு, குழந்தைகள் விரும்பி உண்ணும் உணவை அளிப்பது எவ்வாறு என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, 4 முதல் 6 வயது வரையிலான குழந்தைக்குச் சுமார் 16 கிராம், 7 முதல் 9 வயது வரை 23 கிராம், 10 முதல் 12 வயது வரை 32 முதல் 33 கிராம் புரதம் நாள்தோறும் தேவை.

எந்த உணவில் எவ்வளவு உள்ளது? (தோராய அளவு)

• கோழி முட்டை 1: 6 கிராம்
• பால் அல்லது தயிர், ஒரு டம்ளர் (200 மி.லி.): 6 கிராம்
• துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, பாசிப்பயறு (வேகவைக்கும் முன் 30 கிராம்): 6 முதல் 7 கிராம்
• கொண்டைக்கடலை (ஊறவைக்கும் முன் 30 கிராம்): 6 கிராம்
• வேர்க்கடலை 30 கிராம்: 7 கிராம்
• மீல் மேக்கர் (உலர்ந்த நிலையில் 20 கிராம்): 10 கிராம்
• சுத்தம் செய்த மத்தி அல்லது நெத்திலி மீன் 50 கிராம்: 9 முதல் 10 கிராம்
• சோறு, ஒரு கிண்ணம்: 3 முதல் 4 கிராம்

அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உள்ளது. எனவே அரிசியும் பருப்பும் சேர்ந்த இட்லி, அடை, பொங்கல், பருப்பு சாதம் ஆகியவை தரமான புரதத்தை அளிக்கின்றன.

குறைபாடு எங்கே ஏற்படுகிறது?

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு முதல் நடைபெறும் சத்துணவுத் திட்டத்தில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி வேலை நாள்களில் முட்டை வழங்கப்படுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் காலை உணவும் பெறுகின்றனர். ஆனால் சனி, ஞாயிறு, கோடை விடுமுறை ஆகிய நாள்களில் இவை கிடைப்பதில்லை. தனியார் பள்ளியில் பயிலும் குழந்தையின் மதிய உணவு முழுவதும் வீட்டிலிருந்து செல்லும் டிபன் பாக்ஸைப் பொறுத்தது. அந்த நாள்களில் முட்டைக்கும் சுண்டலுக்கும் ஈடான உணவை வீட்டில் திட்டமிடுதல் அவசியம்.

நியாய விலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்படும் துவரம்பருப்பு பேருதவியாகும். எனினும் ஒரு கிலோ பருப்பை நால்வர் ஒரு மாதம் பகிர்ந்து உண்டால், ஒருவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் புரதம் 2 கிராமுக்கும் குறைவே. நீர்த்த சாம்பார் மட்டும் போதாது; பயறு, கடலை, முட்டை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் பருப்பு வேகவைத்த தண்ணீரை மட்டும் கொடுக்கும் வழக்கம் உள்ளது. அத்தண்ணீரில் புரதம் மிகக் குறைவு. வெந்த பருப்பையே சோற்றுடன் குழைய மசித்து, சிறிது நெய் அல்லது எண்ணெய் சேர்த்து ஊட்ட வேண்டும். தாய்ப்பாலை 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

விரைவாகச் செய்யக்கூடிய உணவுகள்

1. முட்டை சாதம்: வெங்காயம், தக்காளி வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றி நன்கு வேகும்வரை கிளறி, மிளகுத்தூளும் சோறும் சேர்க்கவும். 10 நிமிடம் போதும். டிபன் பாக்ஸுக்கும் ஏற்றது.

2. பாசிப்பயறு தோசை: இரவில் ஊறவைத்த பயறுடன் சிறிது அரிசி, இஞ்சி, சீரகம் சேர்த்துக் காலையில் அரைத்து உடனே ஊற்றலாம். புளிக்க வைக்க வேண்டியதில்லை.

3. அடை: அரிசியும் கலந்த பருப்புகளும் சம அளவில் எடுத்து ஊறவைத்து அரைக்கவும். முருங்கைக்கீரை சேர்ப்பது நல்லது. கீரையை மறுக்கும் குழந்தைகள் பலரும் அடையில் அதை உண்கின்றனர்.

4. மீல் மேக்கர் சாதம்: வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கி, வெஜிடபிள் சாதத்திலோ குருமாவிலோ சேர்க்கவும். பெரிய உருண்டைகளாக இருந்தால் சிறு குழந்தைகள் ஒதுக்கிவிடுவர்.

5. சட்னி: தேங்காயின் அளவைக் குறைத்து, பொட்டுக்கடலை அல்லது வேர்க்கடலையின் அளவைக் கூட்டவும். கூடுதல் நேரம் தேவையில்லை.

6. சுண்டல்: ஞாயிறன்று கடலையை ஊறவைத்து வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள்கள் தாளித்து அளிக்கலாம். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும்.

ஒரு நாள் உணவு: 7 வயதுக் குழந்தைக்கு எடுத்துக்காட்டு

காலையில் இரண்டு இட்லி, பொட்டுக்கடலைச் சட்னி (7 கிராம்). மதியம் ஒரு கிண்ணம் சோற்றில் செய்த முட்டை சாதம் (10 கிராம்). மாலையில் சிறு கிண்ணம் சுண்டல் (4 கிராம்). இரவில் பாசிப்பயறு தோசை (6 கிராம்). மொத்தம் 27 கிராம். பால் சேர்க்காமலேயே தேவை நிறைவடைகிறது.

ஆகவே நலமான குழந்தைக்கு விலையுயர்ந்த புரத மாவு தேவையில்லை. கடையில் விற்கும் பல பான மாவுகளில் சர்க்கரை மிகுதி. உறையில் அச்சிட்டுள்ள அளவைப் படித்துப் பார்க்கவும்.

குழந்தை உண்ண மறுத்தால்

• புதிய உணவை ஓரிரு கவளம் மட்டும் அளிக்கவும். முதல் நாள் மறுத்தால் கைவிட வேண்டாம். பத்து முறை வரைகூடத் தேவைப்படலாம்.
• உணவுக்கு முன் பிஸ்கட், சிப்ஸ், டீ ஆகியவற்றைத் தவிர்க்கவும். நாள் முழுவதும் பால் குடிக்கும் குழந்தைக்கும் பசி எடுக்காது.
• கைபேசியைக் காட்டி ஊட்டுவதையும் வற்புறுத்துவதையும் தவிர்த்து, குடும்பத்துடன் அமர்ந்து அதே உணவை உண்ணச் செய்யவும்.
• தாய் கடைசியாக, எஞ்சியதை மட்டும் உண்ணும் வழக்கம் மாற வேண்டும். தாயின் தட்டில் இல்லாத முட்டையைக் குழந்தை விரும்புவது அரிது. தாய்க்கும் புரதம் தேவை.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஆகியவற்றை முழுதாகக் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்து உயிருக்கு ஆபத்து நேரலாம். மசித்தோ பொடித்தோ கொடுக்கவும்.
• பூஞ்சை பிடித்த அல்லது கசக்கும் வேர்க்கடலையைப் பயன்படுத்த வேண்டாம்.
• முட்டை, மீன், வேர்க்கடலை உண்டபின் உடல் முழுவதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
• சிறுநீரக நோயுள்ள குழந்தைக்குப் புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரண்டு, மூன்று மாதங்களாக எடை கூடாதிருத்தல், பாதங்களில் வீக்கம், வெளிறிய தோற்றம், அடிக்கடி நோய்த்தொற்று ஆகியவை இருந்தால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் ஊட்டச்சத்துக் குறைபாடு எனவும், 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் தீவிரக் குறைபாடு எனவும் கொள்ளப்படும். அங்கன்வாடி மையத்தில் மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் பதிவு செய்துகொள்ளவும். ஆலோசனைக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.