திசை பார்த்து ஓடும் மின்சாரம்

பனையோலையை நீளவாக்கில் கிழித்தால் நேராக வந்துவிடும். குறுக்கே கிழிக்க முயன்றால் கைதான் வலிக்கும். பொருள் ஒன்றே, திசைக்குத் திசை குணம் வேறு. இதையே விஞ்ஞானிகள் திசைச்சார்பு என்கின்றனர். மின்சாரமும் வெப்பமும் ஒளியுங்கூடச் சில படிகங்களில் இவ்வாறு திசை பார்க்கின்றன.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் தமிழர். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கங்கூலி என்பாருடன் சேர்ந்து கிராஃபைட் படிகத்தை ஆராய்ந்து 1939-ல் முடிவை வெளியிட்டார். அடுக்கின் வழியே மின்சாரம் தாராளமாக ஓடிற்று. அடுக்குவிட்டு அடுக்குத் தாண்டவோ பெரிதும் தயங்கிற்று. ராமன் பெயரை அறிந்த நம் மாணவர் பலர் கிருஷ்ணனை அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

ஆனால், கிராஃபைட்டின் ஓரடுக்குக்குள் எப்பக்கம் போனாலும் ஏறத்தாழ ஒரே நிலைதான். ஓரடுக்குக்குள்ளேயே திசை பார்க்கும் குறைகடத்தி ஒன்றுண்டு: கரும்பாஸ்பரஸ். பிரிட்ஜ்மன் 1914-ல் உயர் அழுத்தத்தில் ஆக்கிய இப்பொருள், நூறாண்டு கழித்து, 2014-ல் மெல்லிய ஏடாக உரிக்கப்பட்டு டிரான்சிஸ்டர் ஆயிற்று. உரிக்கும் கருவி என்னவென்று நினைக்கிறீர்கள் நண்பர்களே? ஒட்டும் டேப்தான்!

இதன் அணுக்கள் புடவைக் கொசுவம்போல் மடிந்து மடிந்து அமைந்துள்ளன. மடிப்பின் வழியே ஓடுவதே எலக்ட்ரானுக்கு எளிது என்று தோன்றும். உண்மையோ நேர்மாறு. மடிப்புகளுக்குக் குறுக்கே போகையில்தான் அது இலேசாக ஓடுகிறது. வெப்பமோ மடிப்பின் வழியே ஏறத்தாழ இருமடங்கு எளிதாகச் செல்கிறது! ஆகவே மின்முனைகளைத் திசை தவறி வைத்தால், அதே ஏடு மந்தமான டிரான்சிஸ்டராகிவிடும்.

ஒளியும் அப்படியே. ஒளியலை மடிப்புகளுக்குக் குறுக்காக அதிர்ந்தால் ஏடு அதை நன்கு விழுங்கும். மடிப்பின் வழியே அதிர்ந்தால் பெரும்பகுதியை விட்டுவிடும். தனி வடிகட்டி இன்றியே ஒளியின் அதிர்வுத் திசையைச் சொல்லும் உணர்கருவிகளை இதனால் செய்திருக்கிறார்கள். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பிலும் அவை வேலை செய்யும்.

கண்ணுக்கே எட்டாத ஏட்டில் மடிப்பு எத்திசை என்று எவ்வாறு அறிவது? ராமன் விளைவு கொண்டுதான். 1928-ல் கல்கத்தாவில், கிருஷ்ணன் உடனுழைக்கக் கண்ட அதே விளைவு. படிக்க வந்து நான் குடியிருக்கும் இந்த மல்லேஸ்வரத்தில்தான் ராமனின் ‘பஞ்சவடி’ இல்லம். லேசர் ஒளியை விழச்செய்து ஏட்டைச் சிறிது சிறிதாகச் சுழற்றினால், சிதறிவரும் ஒளியின் நிறமாலை வரிகள் கோணத்துக்கேற்ப ஏறி இறங்கும். அதிலிருந்து திசையைக் கணிக்கலாம். அவசரம் கூடாது, லேசரின் நிறமும் ஏட்டின் தடிப்பும் மாறினால் உச்சம் காட்டும் திசையும் மாறக்கூடும்.

ஒரு சங்கடம்: காற்றும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து பட்டால் கரும்பாஸ்பரஸ் கெட்டுவிடும். எனவே போரான் நைட்ரைடு ஏடுகளுக்கிடையே பொதிந்து காக்கிறார்கள். காற்றுக்கு அஞ்சாத ரீனியம் டைசல்பைடும் ஓரடுக்குக்குள் திசை பார்ப்பதே. ஆனால் அதில் எலக்ட்ரான் ஓட்டம் மந்தம்.