அயுத்தயா போகிறீர்களா?

பாங்காக்கிலிருந்து சுமார் 80 கி.மீ., தூரத்தில், அயோத்தியின் பெயர் கொண்ட பழைய தலைநகரம் அயுத்தயா. 1767ல் பர்மியப் படையால் அழிந்தது. வாடகைக் கார் பேசும்போதே, சுங்கக் கட்டணம், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தியா என்று கேட்டுக்கங்க. காலை ஆறரைக்கே கிளம்பினால் வெயிலுக்குத் தப்பலாம். தோள், முழங்கால் மறையும் உடை அவசியம். வாட் மகாதாத்தில், மரவேர்களுக்கு நடுவே உள்ள புத்தர் தலையை உட்கார்ந்துதான் போட்டோ எடுக்கணும். தலையில்லாத புத்தர் சிலைகளின் பின்னால் நின்று, தங்கள் தலையை வைத்து சிலர், 'போஸ்' கொடுத்ததைப் பார்த்து மனசு நொந்து போனேன். தலை போனாலும், தாய்லாந்து மக்களுக்கு அது கும்பிடும் சாமி. இதை, காரில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிடுங்களேன்!