ஒரே ஆளோடு முடிந்த பட்டம்

மெக்கார்ட்னி பிரபு என்ற ஐரிஷ் பட்டம் 1776இல் உண்டாகி 1806இல் அற்றுப்போனது. அந்த முப்பது ஆண்டுகளிலும் அதைச் சுமந்தவர் ஒருவரே. அவர் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்த ஜோர்ஜ் மெக்கார்ட்னி.

அப்போது அயர்லாந்துக்கு டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்தது. ஐரிஷ் பிரபுக்களுக்கு இலண்டன் பிரபுக்கள் சபையில் இடமில்லை. அந்தச் சபையில் ஆள் கூடாமலே ஒருவரைக் கௌரவிக்க அரசுக்கு இது வசதியாயிற்று. சென்னைக் கவர்னர் பிகட்டும் 1766இல் இப்படித்தான் ஐரிஷ் பிரபுவானார். 1777இல் அவர் சென்னையில் காவலில் இறந்தபோது, சட்டப்படியான வாரிசு இல்லாமல் அந்தப் பட்டமும் போயிற்று.

மெக்கார்ட்னி 1781இல் சென்னைக் கவர்னரானார். மறு ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். உடனே அவருடைய கடிதத்தோடு ஹியூ பொய்ட் என்ற தூதர் கண்டிக்குப் புறப்பட்டார். அவரும் ஆண்ட்ரிம்காரர்தான். அப்போதுதான் அரியணை ஏறியிருந்த நாயக்க மன்னன் இராஜாதி இராஜசிங்கன் பிடிகொடுக்கவில்லை. 1762இல் வந்துபோன ஆங்கிலத் தூது ஒன்றுக்கும் உதவாததைக் கண்டியார் மறக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பனிக் கவர்னரின் கடிதம் போதாது, இங்கிலாந்து மன்னரே எழுதட்டும் என்பது பதிலாயிற்று. தன் தகுதியை அறிந்த அரசனின் பதில் அது. வெறுங்கையோடு திரும்பிய பொய்ட், வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். ஓகஸ்டில் திருகோணமலையும் அவர்கள் வசமாயிற்று.

மெக்கார்ட்னியின் பட்டமோ மேலே மேலே ஏறியது. 1792இல் வைகவுண்ட், மறு ஆண்டு சீனப் பேரரசரிடம் தூது, 1794இல் ஏர்ல். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியவரும் அவரே.

இத்தகைய பட்டம் பெரும்பாலும் ஆண் வாரிசுக்கே இறங்கும். மெக்கார்ட்னிக்குப் பிள்ளையே இல்லை. 1806 மே 31இல் அவர் கண்மூடியதும் பட்டங்கள் அனைத்தும் அற்றுப்போயின.

1801இல் அயர்லாந்து பிரித்தானியாவோடு இணைக்கப்பட்ட பின், மூன்று ஐரிஷ் பட்டங்கள் அற்றுப்போனால்தான் புதிதாக ஒன்றைக் கொடுக்கலாம் என்ற விதி வந்தது. அப்படி மறைந்த பட்டங்களின் கணக்கில்தான் புதியவை பிறந்தன. கடைசியாக ஒன்றைப் பெற்றவர், இந்திய வைசிராயாகப் புறப்பட்ட கேர்சன். ஆண்டு 1898. அவருக்கு மூன்றும் பெண்மக்கள். 1925இல் அதுவும் அவரோடு முடிந்தது.