வரப்பில் உட்காரும் அரை மணி நேரம்

சம்பா நட்டு 25 நாள் ஆகியிருக்கிறதா? நாளைக் காலை ஆறரை மணிக்கு, பனி காயும் முன் வயலுக்குப் போய் வரப்பில் உட்காருங்கள். குத்துக்கும் குத்துக்கும் இடையே பனித்துளி கோத்த சிலந்தி வலைகள் தெரியும். வெயில் ஏறிவிட்டால் அவை கண்ணுக்குப் படாது. பத்து மணிக்கு வயலுக்குப் போகிறவர், "என் வயலில் சிலந்தியே இல்லை" என்பார்.

இதை நான் கல்லூரியில் படித்தேன். பார்த்தது என்னவோ நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான். பூச்சிக்கொல்லி விற்கும் ஒரு நிறுவனத்தில் 13 ஆண்டுகள் இருந்தேன். நட்ட எத்தனையாவது நாள் எந்த மருந்து என்று அட்டவணை போட்டுக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. வேலையை விட்டு மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்த முதல் சம்பாவில், நானே போட்ட அட்டவணையை என் வயலிலேயே கடைப்பிடித்தேன்.

25-ஆம் நாள் இலைகளில் வெள்ளைக் கோடுகள். இலைச்சுருட்டுப்புழு. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து ஒன்றை அடித்தேன். ஒரே வாரத்தில் வயல் பச்சென்று ஆகிவிட்டது. அடுத்த வயல் சித்தப்பாவுடையது. மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டார். அவர் பயிர் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது.

மார்கழியில் பால் பிடிக்கும் நேரத்தில் என் வயலில் மூன்று இடங்களில் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. புகையான். அறுவடை எந்திரம் அந்த இடங்களைச் சும்மா கடந்து போனது. சித்தப்பா வயலில் அப்படி ஒரு வட்டம்கூட இல்லை.

ஒரு வயலை வைத்து முடிவு சொல்லக் கூடாது. நான் யூரியாவும் கூடுதலாகப் போட்டிருந்தேன். அதுவும் புகையானுக்கு விருந்துதான். ஆனால் நடந்தது புதிதல்ல. சேற்றுழவு செய்த வயலில் மட்கும் தாளையும் எருவையும் நம்பி, தண்ணீரில் கொசு போன்ற சிறு ஈக்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. நெல்லுக்கு அவற்றால் கெடுதல் இல்லை. நட்ட சில நாட்களிலேயே வந்துவிடும் ஓநாய்ச் சிலந்திக்கும் ஊசித்தட்டானுக்கும் அவைதான் சாப்பாடு. அதாவது, பூச்சி பெருகும் முன்பே காவல்காரர்கள் பெருகிவிடுகிறார்கள். ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். முன்கூட்டியே அடிக்கும் மருந்தில் முதலில் சாவது இந்தக் கூட்டம். புகையானோ முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது தின்ன ஆளில்லாத வயல் காத்திருக்கிறது. இந்தோனேசியாவில் இப்படிப் புகையான் பெருகியதால்தான் 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள்.

அப்படியானால் வெள்ளை இலை? தூர் கட்டும் பருவத்தில் நெல் புது இலைகளை விட்டு ஈடு செய்துகொள்ளும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1994-இல், விதைத்த முதல் 40 நாள் பூச்சி மருந்து அடிக்காதீர்கள் என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். அடிக்காமல் விட்டவர்களுக்கு மகசூல் குறையவில்லை. விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விவசாயி வெள்ளை இலையைக் கொண்டுவந்து காட்டினால், மருந்தின் பெயரைச் சொல்லும் முன் பயிரின் வயதைக் கேளுங்கள்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகளும், பூக்கும் பருவத்தில் 5 சதவீதக் கண்ணாடி இலைகளும் சேதமானால் இலைச்சுருட்டுப்புழுவுக்கு நடவடிக்கை தேவை. கண்ணாடி இலை போனால் நெல்மணி நிரம்பாது. குருத்துப்பூச்சிக்கும் ஆனைக்கொம்பனுக்கும் கணக்கு வேறு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புகையானை எண்ணுவது எளிது, குனிய வேண்டும், அவ்வளவுதான். வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். தூரை விரித்து, அடியில் கையால் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடியுங்கள், தழைச்சத்தை நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்து. அதுவும் தூரின் அடியில் படும்படி. பைரித்ராய்டு வகையைத் தொடவே வேண்டாம்.

இப்போது நான் வாரம் இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தோடு வயலில் இருக்கிறேன். வரப்பில் உளுந்து போட்டிருக்கிறேன். வயலில் நட்ட குச்சிகளில் கரிச்சான் வந்து உட்கார்ந்து அந்துப்பூச்சிகளைப் பிடிக்கிறது. போன வாரம் சித்தப்பா வந்து நின்றார்.

"என்னப்பா, குனிஞ்சு குனிஞ்சு எண்ணிக்கிட்டிருக்க?"

"சிலந்தி, சித்தப்பா."

"இதுக்கா அம்புட்டுப் படிச்ச?"

பேசிக்கொண்டே அவரும் ஒரு குத்தை விரித்துப் பார்த்தார். கண்ணாடி போடாததால் ஒன்றும் தெரியவில்லை என்று என்னை எண்ணச் சொன்னார். பூச்சி நான்கு, சிலந்தி இரண்டு. பன்னிரண்டு தூர் இருந்த குத்து அது. அடிக்க வேண்டியதில்லை. கதிர் வெளிவரும் வாரத்தில் அவர் வயலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்களும் அந்த வாரம் தவறாமல் இறங்கிவிடுங்கள். வரப்பில் நின்றபடி பார்த்தால் சிலந்தி வலை தெரியும், புகையான் தெரியாது.