நின்று பதில் சொன்ன 12 பேர்

ஸ்வீடனின் வடக்கே ஊமியோ நகரில் ஆய்வாளர் லில்லெமூர் லுண்டின்-ஓல்சனும் அவருடைய சகாக்களும் முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேருக்கு, நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். சோதனை அவ்வளவுதான். 12 பேர் மட்டும் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நிற்காமல் பேசியவர்களிலும் 11 பேர் விழுந்தார்கள். ஆனால் அவர்கள் 46 பேர். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

நடப்பதும் பேசுவதும் ஏன் ஒன்றோடொன்று மோத வேண்டும்? அடி எடுத்து வைக்கும் தாளத்தைத் தண்டுவடமே பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. சாய்ந்தால் நிமிர்த்துவதைச் சிறுமூளை கவனிக்கிறது. நாம் கடைக்குப் போகிற வழியில் கணக்குப் போட முடிவது இதனால்தான். வயதாக ஆக, பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது, தசை தளர்கிறது. தானாக நடந்த வேலைக்கு மனம் வந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது பேச்சுக்கு மிச்சம் வைக்க மனத்திடம் அதிகம் இருப்பதில்லை.

இதற்கு மேல் பயம் வேறு. ஒருமுறை விழுந்தவர் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கிறார். இப்படி எண்ணிச் செய்வது எங்கே கொண்டுபோய் விடும்? ஆய்வாளர் ரிச் மாஸ்டர்ஸ் 1992-இல் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளப் பழகியவர்களிடம் ஒன்றைக் கண்டார். விதிகளைப் படித்துக் கற்றவர்கள் நெருக்கடியில் தடுமாறினார்கள். விதி தெரியாமலே பழகியவர்களின் ஆட்டம் குலையவில்லை. கை தானாகச் செய்வதற்குள் மனம் மறுபடி புகுந்து கட்டளையிடுவதை அவர் 'மறுமுதலீடு' என்றார். பின்னாளில் ஹாங்காங்கில் அவரும் சேர்ந்து செய்த ஆய்வில், விழுந்த அனுபவமுள்ள முதியோரிடம் இந்தப் பழக்கம் கூடுதலாகத் தெரிந்தது. விழுந்ததால் வந்த பழக்கமா, பழக்கத்தால் விழுந்தார்களா என்பதை அந்த ஒப்பீடு பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உயரமான மேடையின் விளிம்பில் நிற்கச் சொன்னால், பயத்தில் இளைஞர்களின் உடலும் விறைத்துக்கொள்கிறது. அசைவு சிறுத்து வேகமாகிறது. விறைத்த உடலுக்கு இடறலைச் சமாளிக்க இடம் குறைவு. கண்ணும் அவசரப்படுகிறது. விழும் அபாயம் அதிகமுள்ள முதியோர், வைக்கும் கால் தரையைத் தொடுமுன்பே அடுத்த இடத்துக்குப் பார்வையை மாற்றிவிடுகிறார்கள். கால் குறி தவறுகிறது.

மாறாக, ஆய்வாளர் கப்ரியேல வுல்ஃபின் சமநிலைப் பலகைச் சோதனைகளில், பாதத்தை நினைத்தவர்களைவிடப் பாதத்துக்கு முன்னால் பலகையில் இருந்த குறிகளை நினைத்தவர்களே நன்றாகச் சமாளித்தார்கள். எல்லோருக்கும் இதே மருந்து என்று சொல்ல மாட்டேன். பார்க்கின்சன் நோயில், 'நீளமாக அடி வை' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாலே குறுகிய நடை நீளுகிறது.

என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, "காலைப் பாத்து வைம்மா" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அன்பில் சொன்னதுதான், ஆனாலும் அவள் மனத்தை அவள் பாதத்திலேயே கட்டிப்போட்டேன். இப்போது குளியலறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது. மாலையில், "வேப்பமரம் வரைக்கும் போவோம்மா" என்று மட்டும் சொல்கிறேன். நடுவில் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நின்றுவிடுகிறாள். நானும் நிற்கிறேன்.