துப்பாக்கி உரிமமும் நமது பொறுப்பும்

பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி பெறும் உரிமம், ஆயுதத்தை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறதேயன்றி, அதனால் விளையும் கேட்டிற்கு நம்மைப் பொறுப்பினின்று விடுவிப்பதில்லை.

பொதுவிடத்தில் துப்பாக்கியை அதற்குரிய உறையிலிட்டு, முழுதும் மூடி, தம் கட்டுக்குள் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் ஆணை. உழவரும் நெசவாளரும் கூடும் திருமணத்திலோ திருவிழாவிலோ அதனைச் சுழற்றிக் காட்டினாலும், வெடித்தாலும் உரிமம் ரத்தாகலாம். பிறர் உயிருக்கு அபாயம் நேரும்படி கவனமின்றிச் சுட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வானை நோக்கிச் சுட்ட குண்டும் மண்ணுக்கே திரும்பும் என்பதை மறக்கலாகாது.

ஆதலின், மருந்து கெட்டித்த துப்பாக்கியுடன் பாதையில் நடவாதீர். வெறுங்குழலாயினும் கெட்டித்ததாகவே அதனைக் கருதுவீர். குழல்முனையை எவர் மீதும் திருப்பாதீர். விசையில் விரல் வையாதீர். பேருந்திலோ சந்தையிலோ பிறர் கையில் கொடுக்காதீர். அழிந்த பயிரை மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். போன உயிரை எவராலும் மீட்டுத் தரவியலாது.